முழு டாக்டராகும் வரை

என் அம்மா தன் மார்பில் வந்த கட்டியை யாரிடமும் காட்டாமல் எனக்காக வைத்திருந்தாள். மகள் டாக்டருக்குப் படிக்கிறாள், முடித்துவிட்டு வந்து அவளே பார்க்கட்டும் என்று நினைத்தாள். அப்படிக் காத்திருந்ததிலேயே போய்ச் சேர்ந்தாள். இத்தனை காலம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அழுகை இல்லை, ஆத்திரம். அழுகை அதற்குப் பின்னால் வரும்.

காரைக்குடியில் எங்களுடையது தச்சுக் குடும்பம். பெரிய வீடுகளில் கதவும் நிலையும் பழுது பார்ப்பது அப்பாவின் வேலை. தச்சர் வீட்டுப் பெண் மதுரைக்குப் போய் டாக்டருக்குப் படிப்பது அறுபதுகளில் எங்கள் தெருவுக்கே பெரிய பேச்சு. அம்மா தண்ணீர் எடுக்கப் போனால், "ஒங்க மக என்னைக்கு ஊசி போட வாராக?" என்று கேட்பார்களாம். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடியாது. அம்மா "வரும், வரும்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

நான் கடைசி வருடம் படிக்கும்போதே கட்டி வந்துவிட்டது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது. சுண்டைக்காய் அளவு, வலி கிடையாது. நாங்கள் போகும் ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஆண் டாக்டர். அவர் முன்னால் ரவிக்கையை அவிழ்ப்பதைவிடச் செத்துப்போகலாம் என்று இருந்திருக்கிறாள். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. இதெல்லாம் பின்னால் அவள் வாயாலேயே கேட்டது.

எம்.பி.பி.எஸ். பாஸாகி, ஹவுஸ் சர்ஜன் வேலையையும் முடித்துவிட்டு நான் வீட்டுக்கு வந்த அன்று அப்பா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"இனிமே நீ டாக்டருதானே தாயி?"

எனக்கு அப்போது மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. தலைகால் புரியவில்லை. எங்கள் ஹாஸ்டலில் ஒரு பேச்சு உண்டு. எம்.பி.பி.எஸ். என்றால் அரை டாக்டர், எம்.டி. முடித்தால்தான் முழு டாக்டர். பேராசிரியர்கள் எங்களை மட்டம் தட்டுவதற்காகச் சொன்னது, கேட்டுக் கேட்டு எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அதே வாயோடுதான் அடுப்படியில் நின்றேன்.

"அதுக்குள்ளயாம்மா? இப்ப அரை டாக்டர்தான். மேல படிச்சு முடிச்சாத்தான் முழு டாக்டர்."

"அப்படியா" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தோசை ஊற்றப் போய்விட்டாள்.

மேல்படிப்புக்கு நான் எடுத்தது பேத்தாலஜி. ஆபரேஷனில் அறுத்தெடுத்த சதை மருந்துத் தண்ணீரில் ஊறி, பாட்டிலில் எங்களிடம் வரும். மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று எழுதிக் கொடுப்போம். நோயாளியின் முகத்தையே பார்க்க வேண்டாம். எனக்கு அது பிடித்திருந்தது. சிவகங்கை, மானகிரி, நாட்டரசன்கோட்டை என்று எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் ஒட்டிய பாட்டில்களும் வரும். மார்புக் கட்டிகள் பெரும்பாலும் முற்றிப்போய்த்தான் வந்தன. அதை மேஜையில் வைத்து வெட்டிக்கொண்டே நாங்கள் அந்தப் பெண்களைத் திட்டுவோம். இவ்வளவு நாள் என்னதான் செய்துகொண்டிருந்தார்களாம்?

ஒரு பொங்கல் லீவில் வீட்டில் உட்கார்ந்தும் திட்டினேன்.

"மானகிரிப் பொம்பளை ஒருத்தி. இம்புட்டுப் பெருசாகுற வரைக்கும் வாயத் தொறக்கல. அறிவு வேணாமாம்மா?"

அம்மா மாவாட்டிக்கொண்டிருந்தாள். குழவியை நிறுத்தவில்லை.

"பாவம். அவளுக்கு ஒன்னய மாதிரி மக இல்லையில்ல தாயி?"

எனக்கு அது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு அடுத்த பாட்டிலின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

எம்.டி. ரிசல்ட் வந்ததும் ஊருக்குப் பஸ் ஏறினேன். அப்பா மரம் பார்க்க வெளியூர் போயிருந்தார். அம்மா பாதியாக இளைத்திருந்தாள். இடது கை மட்டும் வீங்கியிருந்தது. கையில் என்ன என்று நான் கேட்பதற்குள் உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைத் தாழிட்டாள்.

"இப்ப முழு டாக்டருதானே?"

"ஆமாம்மா."

"அப்ப இதப் பாரு" என்று ரவிக்கையைக் கழற்றினாள்.

தோல் வெடித்துப் புண்ணாகியிருந்தது. அக்குளில் கல் கல்லாகக் கட்டிகள். மைக்ராஸ்கோப்பெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் பயம் இல்லை. பாரத்தை இறக்கி வைத்துவிட்ட நிம்மதிதான் இருந்தது.

"நீ வந்துருவேன்னுதான் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். என்ன மருந்து தாயி குடுக்கப் போற?"

என்னிடம் மருந்து இல்லை. நான் படித்த மேல்படிப்பில் மருந்து கொடுக்கும் வேலையே கிடையாது. நோயின் பெயரைச் சொல்லத்தான் என்னைப் பழக்கியிருந்தார்கள். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? மதுரைக்குப் போக வேண்டும், அங்கே பெரிய சர்ஜனிடம் காட்ட வேண்டும் என்றேன்.

"ஆம்பளையா?"

"ஆமாம்மா."

அம்மா ரவிக்கையை எடுத்து மார்பை மறைத்துக்கொண்டாள்.

"அப்ப நீ என்னத்துக்குத் தாயி படிச்ச?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.