டயர்க்காரரின் கட்டைவிரல்

முதலில் கட்டைவிரலால் ஓர் அழுத்து. பிறகு பந்தைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக் கைவிடுவார். தரையில் மோதி இடுப்புக்கு மேலே எழும்பி வந்தால் ஒரு தலையசைப்பு. வராவிட்டால் சட்டைப்பையிலிருந்து ஊசியும், மடியிலிருந்து கைப்பம்பும் வெளியே வரும். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி சொந்த மைதானத்தில் ஆடிய எந்த ஆட்டமும் இந்தக் கட்டைவிரலைத் தாண்டாமல் தொடங்கியதில்லை. நடுவர் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். "அவரு விசிலை ஊதட்டும். காத்தைப் பத்தி நமக்குத் தெரியும்" என்பார் டயர்க்காரர்.

கல்லூரி மதிலுக்கு நேர் எதிரே அவர் கடை. மரத்தடியில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் இரண்டு நெம்புகம்பியுமாகப் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தவர், இன்று மூன்று ஷட்டர் போட்ட கடைக்கு முதலாளி. வண்டியை நிறுத்திவிட்டு வருகிறவன் நாற்காலியில் உட்காருவதற்குள் அந்தக் கதை தொடங்கிவிடும். "படிச்சது அஞ்சாங்கிளாஸ். அதுவும் முழுசா இல்ல. இன்னிக்கு எஞ்சினியருங்க எல்லாம் என் வாசல்ல கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க." எல்லாத்துக்கும் நேரம் வேணுங்க, ராசி வேணுங்க என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. கரி ஏறிய இரண்டு கைகளையும் அவர்கள் மூக்குக்கு நேரே நீட்டுவார். "பத்து வெரலு. இதுதான் என் ராசி. அதிர்ஷ்டம்னு ஒருத்தன் வந்து எனக்கு ஒரு போல்ட்டு கழட்டிக் குடுத்ததில்ல."

மைதானத்துப் படிக்கட்டில் இரண்டாவது படி அவருடையது. எழுதி ஒட்டவில்லை, அவ்வளவுதான். பழைய லாரி ட்யூபை வெட்டித் தனக்கென்று ஒரு விரிப்புச் செய்து அங்கேயே போட்டு வைத்திருந்தார். அதில் உட்கார்ந்துகொண்டு அவர் போடும் சத்தம் எதிர் வளையம் வரைக்கும் கேட்கும்.

இந்த வருஷம் அணியின் ஆட்டம் அவர் தூக்கத்தைத் தின்றுவிட்டது. போன வருஷம் கோப்பை தூக்கிய அணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார்கள். அடுத்த வாரமே, பந்தை உருட்டுவதா தட்டுவதா என்று தெரியாத ஓர் அணியிடம் மண்ணைக் கவ்வினார்கள். ஒரே ஆட்டத்துக்குள்ளும் அதே கூத்து. முதல் பாதியில் புலி, இடைவேளைக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் எலி. பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் சரியில்லை என்றார் ஒருவர், உயரம் பத்தவில்லை என்றார் இன்னொருவர். டயர்க்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"பஞ்சர்னா பொசுக்குன்னு உக்காந்துரும், ஆணியைப் புடுங்கி ஒட்டிப்புடலாம். இது வால்வுல கசிவு. கெளம்பும்போது கல்லு மாதிரி இருக்கும். நாலு தெரு போனா தொவண்டு போயிரும். ரெண்டு ஃபவுல் விழுந்துட்டா அந்த நெட்டப் பொண்ணு கையைக் காலை ஆட்டவே மாட்டேங்குது. குட்டப் பொண்ணு பந்தைத் தட்டித் தட்டியே தரையைத் தேய்க்குது. பாஸ் குடுன்னா, என்னமோ பரம்பரைச் சொத்தை எழுதிக் குடுக்கச் சொன்ன மாதிரி முழிக்குது!"

"எந்த எடத்துல கசியுது, அதைச் சொல்லுங்க பெரியவரே" என்றார் மேல்படிக்காரர் ஒருவர்.

"ட்யூபா இருந்தா தொட்டியில முக்கினா குமிழி காட்டிக் குடுத்துரும். மனுசங்களை எந்தத் தொட்டியிலய்யா முக்குறது?"

இடையில் கண்ணில் புரை எடுக்கப் போய்ச் சில வாரம் வீட்டில் கிடந்தார். அந்த வாரங்களில் அணி தோற்கவே இல்லை. பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரும்பி வந்த அன்றைக்குத் தோற்றது. பங்காளி வீட்டுச் சாவுக்குப் போனார், ஜெயித்தது. வந்தார், தோற்றது. "பெருசு வந்துருச்சு, ஸ்கோர் போர்டை மூடி வைங்கப்பா" என்று மேல்படியிலிருந்து ஒரு குரல் வந்தபோது, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான். அடுத்த ஆட்டத்தில் ட்யூப் விரிப்புக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகவே இருந்தது. அதற்கு அவர் சிரிக்கவில்லை.

கடைசி லீக் ஆட்டத்துக்கு முந்தின நாள் மாஸ்டர் கடைக்கு வந்தார். கக்கத்தில் கறுப்பாக, சுருட்டிய ஏதோ ஒன்று. நாற்காலியைத் தள்ளிப் போட்டு, டீ வரவழைத்தும் உட்காரவில்லை.

"ஐயா, தப்பா எடுத்துக்கக் கூடாது."

"தப்பா இருந்தா தப்பாத்தான் எடுத்துக்குவேன். சொல்லுங்க மாஸ்டர்."

"நாளைக்கு ஜெயிச்சாத்தான் அடுத்த சுற்று. பொண்ணுங்க பயந்து போயிருக்காங்க. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதுங்க..."

"எதுல?"

மாஸ்டர் டயர் அடுக்கைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நாளைக்கு ஒருநாள் மட்டும் நீங்க வராம இருந்தா நல்லது."

"அப்ப பந்து?"

"நானே பாத்துக்கிறேன்யா." கக்கத்தில் இருந்த ட்யூப் விரிப்பை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார்.

காற்று குறைவாக இருக்கிறது என்று சொன்ன லாரி ஓட்டுநரைத் தெரு முனைவரைக்கும் விரட்டியவர் டயர்க்காரர். மாஸ்டரிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "டீ ஆறுது. குடிங்க."

ராத்திரி விஷயம் தெரிந்ததும் வீட்டம்மா விடவில்லை. "அவங்க கெடக்குறாங்க, நீங்க போய் உக்காருங்க! பத்து வெரலுதான் ராசின்னு ஊரைக் கூட்டுவீங்களே, இப்ப எங்க போச்சு அந்த வெரலு?"

"நான் போன அன்னிக்கெல்லாம் தோத்திருக்காங்கம்மா. அவங்க சும்மா சொல்லல."

குடித்தனம் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு பேச்சை அந்த வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. அவர் அதோடு நிற்கவும் இல்லை. கூட்டாளியின் லாரி கவிழ்ந்தது, அவர் டயர் மாட்டிக் கொடுத்த வாரம். மருமகன் கடை படுத்தது, அவர் கையால் திறந்து வைத்த கடை. "அப்பல்லாம் எனக்கு ஒறைக்கல, பாரு" என்றார். அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் மாலை ஒரு ஷட்டரை மட்டும் ஏற்றிவிட்டு, மதிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பார்க்க வேண்டியதில்லை, காதே போதும். பலகையில் அடித்தால் ஒரு சத்தம், வலையில் இறங்கினால் ஒரு சத்தம். முதல் பாதியில் நம் பக்கத்துக் கைதட்டல் மதிலைத் தாண்டிக் கொட்டியது. அவர் தொடையைத் தட்டிக்கொண்டார். இடைவேளை முடிந்தது. கைதட்டல் எதிர்ப்பக்கம் மாறியது. அப்புறம் அந்தப் பக்கமே தங்கிவிட்டது.

"வால்வு" என்று முணுமுணுத்தார். தான் அங்கே இல்லாமலே கசிகிறது என்பது அவருக்கு விளங்கத்தான் செய்தது. ஆனாலும் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கடைக்கு உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசிக் கால்பகுதிக்கு முன்னால் விட்ட சிறு இடைவெளியில், யாரோ எறிந்து பார்த்த பந்து பலகையின் விளிம்பில் பட்டு மதிலைத் தாண்டிவிட்டது. சாலையில் துள்ளி, சாக்கடைப் பாலத்தில் இடறி, உருண்டு வந்து கடைப்படியில் முட்டி நின்றது. பின்னாலேயே வாசல் வழியாக ஓடி வந்தாள் அணியின் கேப்டன் பெண். ஜெர்சி முழுக்க வியர்வை.

"ஐயா, அந்தப் பந்து!"

அவர் எழுந்தார். குனியவில்லை. ஓர் அடி பின்னால் வைத்தார்.

அவளே படிக்கு வந்து பந்தை எடுத்தாள். திரும்பிப் போகவில்லை. மேசை ஓரத்தில் சுருட்டிக் கிடந்த ட்யூப் விரிப்பை ஒரு தரம் பார்த்தாள்.

"மூணு பாயின்ட்டு பின்னாடி இருக்கோம்யா. பந்து சரியா எழும்பல. ஒரு தடவை அழுத்திப் பாத்துக் குடுங்க" என்று பந்தை அவர் முன்னால் நீட்டினாள்.

உள்ளே விசில் ஊதியது. அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

டயர்க்காரர் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டார்.