காவிப் பட்டை அடித்த பைப்

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில், அம்மனுக்குச் சாத்த அல்லிப்பூ வேண்டுமென்று சின்னக் குளம் ஒன்று வெட்டினேன். மிஞ்சிக் கிடந்த பிளாஸ்டிக் பைப்பைச் சாண் சாணாக அறுத்துக் கரையைச் சுற்றி நட்டு, கோயில் மதில் போலக் காவியும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்தேன். எனக்கு ஒரே பெருமை.

மீன் விற்கும் செல்வி தினமும் குளத்தருகே உள்ள குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள். பெயிண்ட் அடித்த பிறகு அவள் குழாய்ப் பக்கம் வரவேயில்லை. ஒருநாள் உச்சி வெயிலில் எதிர்வீட்டுச் சுவரோரம் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். சொம்போடு ஓடினேன்.

"ஏன்டி, நம்ம வூட்ல தண்ணி குடிக்கக் கூடாதா?"

"இன்னாக்கா நீ! கோயில் பட்டை அட்ச்சு வெச்சுகீறே. கவுச்சிக் கூடையத் தூக்கினு சாமி குளத்தாண்ட எப்டி வர்றது?"

"அது வெறும் பைப்புடி!"

"பைப்பா? நான் தெனம் கன்னத்துல போட்டுக்கினு போறேனே!" என்று சிரித்தாள். அவள் உதடு வறண்டு வெடித்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்தி என்று நினைத்து நான் அடித்த பெயிண்ட், ஒருத்தியின் தாகத்துக்குக் குறுக்கே நின்றிருக்கிறது. அன்று மாலையே பைப்புகளுக்கெல்லாம் பச்சை அடித்துவிட்டேன்.

செல்வி மறுபடி வருகிறாள். ஆனால் விளக்கேற்றும்போதெல்லாம், என்னிடம் சொல்லாமலே ஒதுங்கிப் போனவர்கள் இன்னும் எத்தனை பேரோ என்று நினைத்துக்கொள்கிறேன்.