நாத்தனார் வைத்திருந்த சாட்சி

எண்பதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஐப்பசி. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு வீசிங். பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் அதைச் சொல்லவில்லை. தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தையும் டிரங்குப் பெட்டியோடு சேர்த்தே கொண்டுவந்தேன்.

மெட்ராஸ் டாக்டர் ஒருவர் அப்போது புதிதாக ஒரு மருந்து கொடுத்திருந்தார். பார்த்தால் கேப்ஸ்யூல், ஆனால் விழுங்கக் கூடாது. கைக்கு அடக்கமான குழலில் செருகித் திருகினால் அது பிளக்கும். உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடியை வாயால் இழுக்க வேண்டும். கருவாடு காய்கிற இடத்துத் தட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று இழுப்பேன்.

அங்கேதான் மாட்டினேன். என் கணவரின் தங்கைக்குப் பாம்புக் காது. குழல் திருகும் 'டக்' சத்தம் அவளுக்குப் போதும்.

"இன்னா அண்ணி, வாயாண்ட வெள்ளையா இன்னாது?" என்றாள் ஒருநாள்.

கோலமாவு என்று சொல்லிவைத்தேன்.

"கோலமாவ யாரு துன்றாங்க?" என்றாள், சிரிக்காமல்.

அன்றிலிருந்து நான் குடத்தை எடுத்தால் அவளும் குடத்தை எடுப்பாள். நான் கஞ்சா இழுப்பதாகவே முடிவு கட்டிவிட்டாள். எனக்கும் அவள்மேல் சந்தேகம். புட்டியில் கேப்ஸ்யூல் குறைகிற மாதிரியே இருந்தது. பெட்டியைத் துழாவுகிறாளோ? கேட்டால் என் குட்டு உடையும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் தண்ணீர் ஏறி, பொன்னேரி பஸ்ஸும் நின்றுபோனது. வீட்டு ஆண்கள் வலைகளைப் பத்திரப்படுத்தப் போயிருந்த ஒரு மதியம் எனக்கு இழுப்பு வந்தது. அவ்வளவு மோசமாக அதுவரை வந்ததில்லை. புட்டியைத் திறந்தால், ஈரக்காற்றில் கேப்ஸ்யூல்கள் எல்லாம் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒன்றைப் பிய்த்துக் குழலில் போட்டுத் திருகினேன். நசுங்கியதே தவிர பொடி வரவில்லை. சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தேன். செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

வாசலில் அவள். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட முகம். என் உதடு நீலம் பாய்வதைப் பார்த்ததும் அந்த முகம் மாறியது. அடுப்படிக்கு ஓடினாள். அப்பள டப்பாவின் மூடியை நெம்பும் சத்தம் கேட்டது. காகிதத்தில் மடித்த இரண்டு கேப்ஸ்யூல்களோடு வந்தாள். இறுக்க மூடிய டப்பாவுக்குள் இருந்ததால் இரண்டும் ஈரம் படாதவை. என் மாமனாரிடம் காட்டச் சாட்சியாகத் திருடி ஒளித்தவை என்று பிறகு அவளே சொன்னாள்.

என் கையிலிருந்து குழல் நழுவி உருண்டது. அவளே எடுத்து, நசுங்கியதைத் தட்டிக் கொட்டி, புதியதைச் செருகித் திருகினாள்.

"தலைய அந்தாண்ட திருப்பி மொதல்ல ஊது. நீ அப்டித்தான பண்ணுவ? ஆங், இப்ப இழு அண்ணி, இழு!"

தட்டி ஓட்டை வழியாக உளவு பார்த்தே ஒன்று விடாமல் கற்றிருந்தாள்!

மூச்சு திரும்பியதும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்தச் சொல்றதுக்கு இன்னா ஒனக்கு? கஞ்சான்னு நெனச்சிக்கினு நான் தூக்கமில்லாம கெடக்குறேன்! நைனாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ கம்முனு படு" என்று திட்டினாள்.

அப்படியே தன் அப்பாவிடம் போய்ச் சொல்லவும் செய்தாள். யாரும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. மருந்துப் புட்டிதான் டிரங்குப் பெட்டியிலிருந்து அப்பள டப்பாவுக்குக் குடிபோனது.

இன்றைக்கும் யாராவது என்னைச் சந்தேகமாகப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. அன்று அவள் என்னை நம்பித் தொலைத்திருந்தால், இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.