கரகரப்பை இறக்கியவர்

மைக்செட் அண்ணனுக்குக் காது ரொம்பக் கூர்மை. ஆனால் பாட்டு கேட்கத் தெரியாது. இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி என்று கேட்காதீர்கள். பக்கத்துக் கடையில் உட்கார்ந்து பல வருஷம் பார்த்தவன் சொல்கிறேன். மேடையில் யார் உயிரைக் கொடுத்துப் பாடினாலும் அவர் காதில் விழுவது கரகரப்பும் ஊளையும் ஒயரின் முனகலும்தான். விழுந்த உடனே விரல் தானாகப் போய்க் குமிழைத் திருகிவிடும். தொழிலில் மனுஷன் புலி.

அவருடைய தங்கை பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பாள். சாயங்காலமானால் கிதாரும் கையுமாகக் கிளம்பிவிடுவாள். எங்கள் ஊர் அரங்கில் ஒரு பாட்டுப் போட்டி வந்தது. ஜெயிக்கிற குழுவுக்கு வருஷம் முழுக்க மேடை. கடை வேலையை விட்டுவிட்டுப் பாட்டையே பிழைப்பாக்கிக்கொள்ள அவள் அதைத்தான் மலைபோல நம்பியிருந்தாள். எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டே பாடும் பழைய பிரிவுப் பாட்டு ஒன்றை எடுத்து, ராக் அண்ட் ரோலாக மாற்றியிருந்தாள்.

அன்றைக்கு மைக்செட் நம் அண்ணனுடையது. கூடப் பிறந்தவள் பாடுகிறாளே என்று கூடுதல் அக்கறையாக உட்கார்ந்தார். கிதார் கரகரவென்று கிளம்பியதும் ஆள் பதறிப்போனார். ஒயர் கோளாறு, தங்கை மானம் போய்விடும் என்று அதை அடியோடு இறக்கினார். டிரம்ஸ் இடித்தது, அதையும் இறக்கினார். மேடையில் நான்கு பேர் துள்ளிக் குதிக்க, எங்களுக்கு வந்து சேர்ந்தது ஆறிப்போன வெந்நீர். நடுவர் ஒருவர் கொட்டாவியே விட்டார்.

"நல்லவேளை, நான் இருந்தேன். இல்லன்னா அசிங்கமாப் போயிருக்கும்" என்று என்னிடம் பெருமை வேறு. அவளோ, "ஜனங்களுக்குப் பிடிக்கல போல" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு, கிதாரை விற்றுவிட்டாள். கல்யாணமாகி வேறு ஊருக்கும் போய்விட்டாள்.

போன மாதம் அந்தக் குழுவின் டிரம்ஸ்காரர் ஸ்பீக்கர் வாடகைக்குக் கேட்டு வந்தார். சரிபார்க்கத் தன் போனிலிருந்து எதையோ போட்டார். பழைய ஒத்திகைப் பதிவு, தங்கையின் குரல்.

டிரம்ஸ் கையைப் பிடித்து இழுத்தது. கிதார் சண்டைக்கு நின்றது. ஊரே அழுது பாடும் வரிகளை அவள் அழாமல், போனால் போடா என்று பாடியிருந்தாள். அந்தப் பாட்டுக்குள் இவ்வளவு கோபமும் குஷியும் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. என் கால் சும்மா இருக்கவில்லை. அண்ணனின் கை மட்டும் வழக்கம்போலக் குமிழுக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது.

"இந்தக் கரகரப்பு வேணும்னே வச்சதா?"

"பின்ன? அதைக் கொண்டுவர அவ பட்ட பாடு எனக்குத்தாண்ணா தெரியும். பாட்டே அதுல தானே இருக்கு."

டிரம்ஸ்காரர் போன பிறகு அண்ணன் தங்கையைப் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், எனக்கும் கேட்டது.

"அந்தப் பாட்டு ரொம்ப நல்லா இருக்கும்மா."

"இப்ப எதுக்குண்ணா அது? யாருக்கும் பிடிக்காமப் போச்சு, விட்டுட்டேன்."

"பிடிக்காம இல்லம்மா. யாரும் அதைக் கேக்கவே இல்ல. கோளாறுன்னு நெனச்சு நான்தான் இறக்கிட்டேன்."



"போகட்டும். நீ மட்டுமாவது கேட்டியாண்ணா அன்னிக்கு?"

அண்ணன் இல்லையென்று தலையாட்டினார். அது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் மறுபடியும், "அண்ணா, கேட்டியா?" என்றாள்.