மீன்கொத்தி கேட்ட கேள்வி

அந்தத் தெருவில் சங்கதி தெரிய வேண்டுமென்றால் செய்தித்தாள் வாங்க வேண்டியதில்லை. மாடிவீட்டு மருமகளோடு கொஞ்ச நேரம் நின்று பேசினால் போதும். யார் வீட்டில் என்ன சண்டை, யார் மகளுக்கு எங்கே வரன், எந்தக் கடைக்காரர் எடையில் கைவைக்கிறார், எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. மனதில் பட்டதை வாய்க்குக் கொண்டுவராவிட்டால் அவளுக்கு வயிறு உப்பிவிடும், அவ்வளவுதான். ஒலிபெருக்கி என்று கணவன் பட்டப்பெயர் வைத்தான். அதையும் அவளே சிரித்துக்கொண்டு நாலு வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள்.

இப்படிப்பட்டவளுக்குப் போய் எப்படிப்பட்ட வேலை கிடைத்தது, பாருங்கள்! மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு உதவி செய்யும் ஓர் அறக்கட்டளை. அதற்கு ஓர் இணையதளம். டாக்டரிடம் போகக் கூச்சப்படுகிற பெண்கள் அதில் வந்து சந்தேகம் கேட்பார்கள். உட்கார்ந்து பதில் எழுத ஆள் வேண்டும். ஆறுதலாக நாலு வார்த்தை பேச அவளைவிட ஆள் கிடையாது என்று மேலாளர் அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றட்டும். ஆனால் முதல் நாளே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"இங்க வேலை பாக்கறீங்கன்னு வெளியில யாருக்கும் சொல்லக் கூடாது. வீட்டுலயும்தான். உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது எழுத வந்தா, நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சு திரும்பிப் போயிடக் கூடாது பாருங்க."

"வீட்டுக்காரர்கிட்ட கூடவா?" என்று பாவமாகக் கேட்டாள்.

"அவர்கிட்ட கூட."

பார்சல் கம்பெனியில் விலாசம் தட்டச்சு செய்கிற வேலை என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லி வைத்தாள். சொன்ன நாளிலிருந்து நாக்கு அரித்தது.

அலுவலகமோ அதைவிட விசித்திரம். வாசலிலேயே கைபேசியை வாங்கி மரப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். மேசையில் ஒரு பேனா கிடையாது, துண்டுக் காகிதம் கிடையாது. எழுத வருகிறவளிடம் பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, தொலைபேசி எண் கேட்பதில்லை. இணையதளமே அவளுக்கு ஒரு பறவைப் பெயரைக் கொடுத்துவிடும். மரங்கொத்தி வந்து கேட்பாள், மைனா வந்து அழுவாள். பக்கத்தில் யாராவது வந்து எட்டிப் பார்த்தால் மூலையில் ஒரு பொத்தான். அமுக்கினால் எழுதிக்கொண்டிருந்த பக்கம் மறைந்து, இன்று மழை வருமா வராதா என்று ஒரு பக்கம் வந்து நிற்கும். பேச்சு முடிந்து அவள் போனதும் எழுதியதெல்லாம் திரையிலிருந்து தானே அழிந்துவிடும். இத்தனையும் எதற்கு, நாம் என்ன தங்கமா கடத்துகிறோம் என்று ஒலிபெருக்கி எதிர்மேசை அம்மாவிடம் முணுமுணுத்தாள். அந்த அம்மா பழைய நர்ஸ். சிரித்துவிட்டுத் தன் திரைக்குத் திரும்பினாள்.

எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடிக்காத பொத்தான் ஒன்று உண்டு. 'கைமாற்று' என்று அதற்குப் பெயர். எழுதுகிறவள் தெரிந்தவள் என்று சந்தேகம் தட்டினாலே அதை அமுக்கிவிட வேண்டும். பேச்சு வேறொருவருக்குப் போய்விடும். யாருக்குப் போனது என்று காட்டாது, திரும்பவும் வராது. ஏன் அமுக்கினாய் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். தெரிந்தவளுக்குத்தானே இன்னும் நன்றாகச் சொல்ல முடியும், இது என்ன கூத்து என்பது ஒலிபெருக்கியின் கட்சி.

ஒரு பிற்பகல் மீன்கொத்தி வந்தாள். மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, வலியில்லை, குளிக்கும்போது தெரிந்தது, இரண்டு மாதமாகப் பயந்துகொண்டு இருக்கிறேன் என்று எழுதினாள். ஒலிபெருக்கி, "பயப்படறது தப்பே இல்லம்மா. நான் இங்கதான் இருக்கேன். மெதுவா சொல்லுங்க" என்று பதில் போட்டாள்.

அடுத்த வரிகள் வந்தன. "அண்ணன் வீட்டில் இருக்கிறேன். திரைச்சீலை தைக்கிற இடத்தில் வேலை. அண்ணி நல்லவள்தான், எனக்கு ஒன்றென்றால் உயிரைக் கொடுப்பாள். ஆனால் அவளிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். போன வருஷம் என் கல்யாணப் பேச்சு முறிந்தபோது நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுததை மளிகைக் கடையில் நடித்தே காட்டியிருக்கிறாள். இதையும் அவள் சொல்லிவிட்டால் நான் செத்தே போவேன்."

ஒலிபெருக்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மளிகைக் கடை, நடிப்பு, எல்லாம் அவளேதான். எழுதுகிறவள் அவளுடைய நாத்தனார். காலையில் ஒரே வாளித் தண்ணீரில் துணி அலசிவிட்டு, "வரேன் அண்ணி" என்று சொல்லிப் போனவள்.

'அடியே, நான்தான்டி உன் அண்ணி, கிளம்பு டாக்டர்கிட்ட' என்று எழுத வேண்டும் போல இருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும், தன் வாயிலேயே நாலு போட வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் அவளுக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. யாரென்று சொன்ன அடுத்த நொடி மீன்கொத்தி பறந்துவிடுவாள். பிறகு எந்த டாக்டரிடமும் போகமாட்டாள், எந்த இடத்திலும் எழுதமாட்டாள், கட்டி மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கைமாற்றை அமுக்கினாள்.

திரை வெறுமையாகிவிட்டது. ஏழெட்டு மேசைகளிலும் யார் யாரோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். எந்த மேசைக்குப் போனாள் மீன்கொத்தி? எல்லா முகமும் ஒரே மாதிரிதான் இருந்தது.

பொறுக்க முடியாமல் கணினிக்காரரைத் தேடிப் போனாள். இணையதளத்தைக் கட்டியவர் அவர்தான். பூட்டு என்று எல்லாரும் கூப்பிடுவார்கள், அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

"அண்ணே, ஒரே ஒரு விஷயம். மீன்கொத்தின்னு ஒருத்தங்க. டாக்டர்கிட்ட போறேன்னு ஒத்துக்கிட்டாங்களா? அது மட்டும் பாத்துச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"பாக்க முடியாதும்மா."

"சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க. உங்களால பாக்க முடியாதா என்ன?"

அவர் தன் திரையை அவள் பக்கம் திருப்பினார். "நீங்களே பாருங்க. எங்கேருந்து வந்தாங்கன்னு நாம குறிச்சு வைக்கிறதே இல்ல. எழுதினது அத்தனையும் பூட்டித்தான் போகுது. பேச்சு முடிஞ்சப்புறம் அதைத் திரும்பத் தொறக்கற ரகசிய வார்த்தை அவங்களே வச்சது, அவங்க மனசுல இருக்கு, என்கிட்ட இல்ல. மேலாளர் அம்மா கேட்டாலும் இதேதான், போலீஸ் வந்து நின்னாலும் இதேதான். எடுத்துக் குடுக்கறதுக்கு இங்க ஒண்ணுமே இல்லம்மா."

திரையில் புரியாத எழுத்துகள் வரிவரியாக நகர்ந்துகொண்டிருந்தன. அதற்குள் எங்கோ அவள் வீட்டுப் பெண்ணின் பயம் இருக்கிறது. கட்டியவராலேயே அதைத் தொட முடியவில்லை. ஒலிபெருக்கி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். ரகசியம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு வாய்க்குள் அடக்கி வைப்பது என்றுதான் அவள் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். யார் வாயிலும் போடாமலேயே ஒரு ரகசியத்தைக் காப்பாற்றலாமா? முகம் தெரியாத ஒருத்திக்காக இத்தனை பேர் உட்கார்ந்து, நமக்கே தெரியாமல் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறார்களே! அம்மாடி, எவ்வளவு பெரிய மரியாதை இது! அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கோயிலுக்குள் செருப்போடு வந்துவிட்டவளைப் போல மெல்லப் பின்வாங்கித் தன் இடத்துக்குப் போனாள்.

அன்று முதல் வீட்டில் ஒலிபெருக்கி ஊமையானாள். பேச ஆரம்பித்தால் எங்கே கொண்டுபோய் முடிப்போமோ என்று பயம். ஒருமுறை, "உடம்பை எல்லாரும் அப்பப்போ காட்டிக்கணும்" என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து போனாள். நாத்தனார் தைத்த துணி மூட்டையைத் தூக்கும்போதெல்லாம் இவள் ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள். போயிருப்பாளா, போகவில்லையா? ஒவ்வொரு நாளும் கட்டி வளர்கிறதே! கேட்க முடியாது, பார்க்க முடியாது, சொல்ல முடியாது.

"ஏன்டி, பேட்டரி தீந்துபோச்சா?" என்று கணவன் கிண்டல் செய்தான். மளிகைக் கடைக்காரர், "என்னம்மா, ஊர்ல ஒண்ணுமே நடக்கலயா?" என்று நிஜமான கவலையோடு விசாரித்தார். எல்லாருக்கும் ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள்.

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு காலையில் நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றாள். ஈரச் சேலையின் ஒரு முனையைப் பிடித்து உதறிக் கொடுத்தாள்.

"அண்ணி, நாளைக்கு லீவு போட முடியுமா? என்கூட ஓர் எடத்துக்கு வரணும்."

"வரேன்."

"எங்கேன்னு கேக்க மாட்டியா?"

"சொன்னா கேட்டுக்கறேன்."

நாத்தனார் உடைந்து அழுதாள். கட்டியைப் பற்றிச் சொன்னாள். "யாராவது ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிட்டுப் போன்னு சொன்னாங்க. யாரைன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். உன்னைத்தான் முதல்ல வேண்டாம்னு நெனச்சேன், கோவிச்சுக்காத. ஆனா இத்தனை நாளா நீ வாயே தெறக்கல. உனக்கும் என்னை மாதிரி உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு, யார்கிட்டயும் சொல்ல முடியாம தவிக்கறன்னு தோணுச்சு. அப்படிப்பட்டவளுக்குத்தான் என் கஷ்டம் புரியும்னு வந்துட்டேன்."

ஒலிபெருக்கி ஈரச் சேலையோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள்; சில நாளில் புற்றுதான் என்று தெரிந்தது. டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. சின்னக் கட்டி. எடுத்துட்டு மருந்து குடுத்தா நல்லபடியா ஆயிடும், தைரியமா இருங்க. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா நான் இப்படிப் பேசியிருக்க மாட்டேன்" என்றார். ஒலிபெருக்கி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் கூட்டமில்லை. நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்து, மெதுவான குரலில் அந்த இணையதளத்தைப் பற்றிச் சொன்னாள். பேர்கூடக் கேட்க மாட்டார்கள், யாரென்று அவர்களுக்கே தெரியாது, மீன்கொத்தி என்று ஒரு பேர் வைத்தார்கள். முதல் தடவை கேட்கிறவளைப் போல ஒலிபெருக்கி கண்ணை அகலத் திறந்துகொண்டு கேட்டாள். உண்மையிலேயே அவளுக்கு மறுபடியும் உடம்பு சிலிர்த்தது.

"மொதல்ல பேசினவங்க நல்லா பேசினாங்க அண்ணி. 'பயப்படறது தப்பே இல்லம்மா, நான் இங்கதான் இருக்கேன்'னாங்க. நான் மனசுல இருந்ததைக் கொட்டினதும் சட்டுனு போயிட்டாங்க. வேற ஒருத்தங்க வந்துதான் மிச்சத்தைச் சொன்னாங்க. எனக்கு அன்னிக்கு ரொம்பக் கோவம். இங்கதான் இருக்கேன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்களேன்னு."

ஒலிபெருக்கியின் தொண்டைக்குள் ஒரு வாக்கியம் முழுதாக வந்து நின்றது. அதை மென்று விழுங்கினாள். கண்ணீர் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"எங்கேயும் போயிருக்க மாட்டாங்க" என்றாள், நாத்தனாரின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு.