கடைசி அயிட்டம் யாருக்கு?

போன மாதம் ஒரு நாள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது போனில் நோட்டீஸ் வந்து விழுந்தது. எங்கள் கொடைக்கானலில் மே மாதம் நடக்கிற விழாவில் எந்தப் பாட்டுக் குழு எத்தனை மணிக்கு என்று போட்டிருந்தார்கள். கடைசி வரியில், கொட்டை எழுத்தில், வழக்கம்போல நாங்கள்தான். ஐந்து மணி, கடைசி அயிட்டம். அதற்குக் கீழே ஒருவன் எழுதியிருந்தான்: "பெருசுங்களுக்கே இன்னும் எத்தன வருசம் கடைசி எடம்? நாங்க சாப்பாட்டு நேரத்துல காலி நாற்காலிக்கு வாசிக்கிறோம்." எழுதியவன் பாச்சலூர் பிரவீன். இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ராக் குழு நடத்துகிறவன்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. பெருசாம்! கோபம் ஒரு காபி குடிக்கிற நேரம் தாங்கியது. அப்புறம் ஒரு குறுகுறுப்பு. பெரிய ஆள் கடைசியில்தான் வர வேண்டும், சரி. ஆனால் ஒருவர் எத்தனை வருஷம் பெரிய ஆளாகவே இருக்கலாம்? நீங்களே சொல்லுங்கள்.

தைல வாசனை என்றாலே எனக்கு ஆரோக்கியம் அண்ணனின் தச்சுப் பட்டறைதான். நாங்கள் பாட்டுப் பழகுவதெல்லாம் அங்கேதான். மரச்சீவல், வார்னிஷ், நான் தொண்டையில் தடவிக்கொள்ளும் தைலம், மூன்றும் கலந்து மூக்கைத் துளைக்கும். அண்ணன் ஒரு பள்ளிக்கூடத்தில் பெஞ்சு ரிப்பேர் பார்த்தவர். அங்கிருந்து தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார வாத்தியார் ஒருவர் கழுத்து உடைந்த கிட்டாரை விட்டுப்போக, அதை ஒட்டிச் சரிசெய்து தானே வாசிக்கவும் கற்றுக்கொண்டார். டிரம்ஸ் வாசித்தவர் சிவலிங்கம் அண்ணன். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பம் அவருடையது. நான் ஒரு லாட்ஜில் டெலிபோன் எடுக்கிற வேலையில் இருந்தேன். 'குட் மார்னிங்' அழகாகச் சொல்கிறேன் என்று என்னைப் பாட்டுக்காரி ஆக்கிவிட்டார்கள். அதற்கு மேல் எனக்கு இங்கிலீஷ் வராது என்பதை நானும் வாய் திறந்து சொல்லவில்லை.

அண்ணன் சொந்தமாக ஓர் இங்கிலீஷ் பாட்டு எழுதினார். ஜெனி என்கிற பெண்ணைத் திரும்பி வரச் சொல்கிற பாட்டு. ஜெனி யார் என்று கேட்டால் உளியைத் தீட்ட ஆரம்பித்துவிடுவார். எனக்காகத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக் கொடுத்தார்: 'கம் பேக், ஜெனி.' நம் எழுத்தில்தான் ஒரே 'க' இரண்டு சத்தத்துக்கும் நிற்குமே! எனக்குத் தெரிந்த கம் லாட்ஜில் கவர் ஒட்டுகிற கம். எனக்குத் தெரிந்த பேக் டூரிஸ்டுகள் தூக்கி வருகிற பை. பட்டறையில் கிட்டார் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. மேடையில் மைக் இருந்தது. திரும்பி வா என்று ஜெனியைக் கெஞ்ச வேண்டிய இடத்தில், பசைப் பை, பசைப் பை என்று உருகி உருகிப் பாடியிருக்கிறேன்.

முன்வரிசையில் இருந்த கான்வென்ட் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது. வீட்டுக்குப் போய் அழுதேன். ஆனால் அடுத்த வருஷம் பாருங்கள், கவுஞ்சியிலிருந்து வந்த கேரட் விவசாயிகள் வரை மொத்தக் கூட்டமும் என்னோடு சேர்ந்து பசைப் பை பாடியது! அந்த வருஷம்தான் எங்களுக்குக் கடைசி அயிட்டம் கிடைத்தது. அதற்கடுத்த வருஷம் ரோஷப்பட்டு உச்சரிப்பைக் கற்றுக்கொண்டு சரியாகப் பாடினேன்.

"ஏம்மா, பாட்ட மாத்திப்புட்ட?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

பின்னாலிருந்து சிவலிங்கம் அண்ணன் குனிந்து சொன்னார்: "பழையபடியே பாடுங்க தங்கச்சி. சரியா பாடுனா ஆளுகளுக்கு வெளங்குதில்ல."

அன்றிலிருந்து தெரிந்தேதான் தப்பாகப் பாடி வருகிறேன். ஊர் விரும்பியது எங்கள் பாட்டையா, என் தப்பையா என்று யோசித்ததே இல்லை. இப்போது யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. பிரவீனுக்கே போன் போட்டேன்.

"ஏலே, அத நேர்ல சொன்னா என்ன?"

"தப்பா நெனைக்காதீங்கக்கா. ஒங்க பாட்டு எனக்கும் புடிக்கும். ஆனா நாங்க எப்பக்கா கடைசியா வாசிக்கிறது? எங்களுக்கும் வயசாகிருமில்ல?"

"பாக்கலாம்" என்று போனை வைத்தேன்.

நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். கஷ்டம் ஆரோக்கியம் அண்ணனுக்குத்தான். அண்ணி காலமான பிறகு அவருக்கென்று இருக்கிற ஒரே பண்டிகை அந்த ஐந்து மணி. சட்டையை ஒரு வாரம் முன்பே இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டிவிடுவார். பட்டறைக்குப் போய், வெயிலைப் பேசி, கேரட் விலையைப் பேசி, கடைசியில் மென்று முழுங்கிக் கேட்டேன்: "அண்ணே, இந்தத் தடவ மூணு மணிக்கு ஏறுவமா? கடைசிய பிரவீன் பயலுக்குக் குடுத்துருவோம்."

அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். ஏன்தான் கேட்டோமோ என்றிருந்தது.

"மூணு மணிக்கு வெயில் இருக்கும்ல?" என்றார். "இருந்தா வெரலு மடங்கும். அஞ்சு மணிக் குளிருல ரெண்டு வருசமா மடங்கலம்மா."

கிட்டாரில் அவர் தனியாக வாசிக்கிற இடத்தை இரண்டு வருஷமாக விட்டுவிட்டுப் போனது எனக்கு இப்போதுதான் புரிந்தது. புது ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடச்சி.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேடை ஏறினோம். அண்ணனின் விரல் மடங்கியது. தனி வாசிப்பை ஒரு சுரம் பிசகாமல் வாசித்தார். ஐந்து மணிக்கு எங்கள் மலையில் மேகம் இறங்கிவிடும். அதனால் இத்தனை வருஷமும் மேடைக்கு முன்னால் வெறும் வெள்ளைதான் தெரியும். அதற்குள்ளிருந்து கைதட்டல் வரும். கூட்டம் அப்படியே இருக்கிறது என்று நாங்களாக நினைத்துக்கொள்வோம். இந்த முறை வெயிலில் முகங்கள் தெரிந்தன. எல்லாம் பிரவீன் வயசுப் பிள்ளைகள், அவனுக்காக வெள்ளனே வந்து இடம் பிடித்தவர்கள். கவுஞ்சிக்காரர்கள் உட்காருகிற பக்கம் நான்கு பேர் இருந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தது எங்களுக்குத் தெரியாததல்ல. பலரின் சாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு நாங்களே போய் வந்திருக்கிறோம். ஆனால் கூட்டத்திலிருந்து அவர்களைக் கழித்துப் பார்க்க ஒரு வருஷம்கூடத் தோன்றவில்லை.