கடைசல் அறைக்கு ஒரு காற்றுப் பெட்டி

ஈட்டி மரத்தைக் கடையும்போது ஒரு வாசனை வரும். கட்டில் கால் கேட்டு வருகிறவர்கள் மூக்கை உறிஞ்சி, "ஆகா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். என் மனைவியின் மூச்சைப் பிடித்தது அந்தத் தூள்தான்.

திருக்கோகர்ணத்தில் எங்கள் ஓட்டு வீட்டின் முன்கூடத்தில் கடைசல் மிஷின். பின்கட்டில் குடித்தனம். நடுவில் ஒரே ஒரு கதவு. அறுபதுகளின் தொடக்கம். கயிறு இழுத்துக் கடைந்தது போய் மோட்டார் வந்திருந்தது. மோட்டார் வந்ததும் வேலை கூடியது. வேலையை விடத் தூள் அதிகமாகக் கூடியது. நான் கடைவேன், அவள் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்ப்பாள். அப்படித் தேய்த்துத் தேய்த்தே அவளுக்கு இளைப்பு வந்தது.

தேய்ப்பதை நிறுத்தினோம். கதவைச் சாத்தினோம். இடுக்கில் சாக்கை அடைத்தோம். கேட்கவில்லை. முழங்காலில் கையூன்றி உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இழுப்பாள். ஒரு வாய்ச் சோறு, ஒரு மூச்சு. நல்ல வாயாடி அவள். தெருவில் யார் எப்படிப் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பாள். அவள் பேச்சு இரண்டு சொல்லுக்கு ஒருமுறை அறுந்து விழ ஆரம்பித்தபோது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு அந்த மிஷின் வீட்ல இருக்கணும், இல்ல இந்தம்மா இருக்கணும். ரெண்டும் இருக்கணும்னா நான் ஊசி போட்டுக்கிட்டே இருக்கவேண்டியதுதான்."

மிஷினை எங்கே கொண்டுபோவது? மோட்டாருக்கான கரண்டு அந்த ஒரு வீட்டுக்குத்தான் நடையாய் நடந்து வாங்கியது. வேறு தொழிலும் எனக்குத் தெரியாது.

பங்குனியில் அவள் தம்பி வந்தான். ஆவுடையார்கோவில் போகிற வழியில் ஒரு பகல் வண்டிப்பாதை தூரத்தில் இருக்கிறது அவர்கள் ஊர். அக்காவைப் பார்த்துவிட்டு என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"மச்சான், ஆடி பொறந்ததும் அக்காவை அழைச்சுக்கிட்டுப் போறேன். ஆடிக்குப் பொறந்த வீட்டுக்குப் போறான்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

ஆடியில் கேட்கமாட்டார்கள்தான். ஆவணி பிறந்தும் அவள் திரும்பவில்லை என்றால் கேட்பார்கள். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. 'தள்ளி வைத்துவிட்டான்' என்று ஊர் ஒரே வார்த்தையில் முடித்துவிடும். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், அவன் போனதும் சொன்னாள்: "நான் போனா... திரும்ப வரமாட்டேங்க. எனக்குத் தெரியுது." இதைச் சொல்ல அவளுக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.

ஆடிக்குள் அந்த அறையின் காற்றைச் சுத்தம் பண்ணியாக வேண்டும். படித்தவனா நான்? யாரைக் கேட்பது? ஒயர்மேன் ஒருவர் சிநேகிதர். அவரைத்தான் கேட்டேன். சினிமாக் கொட்டகையில் கழித்துப் போட்ட, புகையை வெளியே தள்ளும் காத்தாடி ஒன்றை எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு இறக்கை வளைந்திருந்தது.

"பீடிப் புகையைக் குடிச்சே வளர்ந்ததுங்க இது. உங்க மரத்தூளெல்லாம் இதுக்கு வெத்தலை பாக்கு மாதிரி" என்றார்.

சுவரை உடைத்து மாட்டினோம். மறுநாளே பக்கத்து வீட்டுக்காரம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். காயப்போட்ட வடகமெல்லாம் செங்கல் நிறம்.

"ஏம்ப்பா, எங்க வீட்டு மாவுல பாதி ஒன் மரம்! இனிமே இட்டிலி அவிச்சா கட்டில் காலு வரும் போலருக்கே!"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. காற்றை வெளியே தள்ளினால் போதாது, வடிகட்டித் தள்ள வேண்டும். பெரிய ஆபீஸ்களில் கோடைக்கு வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். தெருப் புழுதி அதில் அப்பிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மரத்தூள் மட்டும் ஒட்டாதா என்ன? பலகையில் பெட்டி ஒன்று அடித்தேன். முன்னால் சாக்கு, நடுவில் இரண்டு அடுக்கு வெட்டிவேர், பின்னால் காத்தாடி. மேலே ஆணியால் ஓட்டை போட்ட மண்ணெண்ணெய்த் தகரம், அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

"பத்தாயம்... மாதிரி இருக்கு. நெல்லு இல்லாத வீட்ல... காத்தைப் போட்டு வைக்கப் போறீங்களா?"

அதற்குத் தண்ணீர் குடித்துத் தீரவில்லை. கோடையில் வீட்டுக் கிணறு அடி தட்டிவிட்டது. இரண்டு தகரத்தைக் கம்பில் கட்டித் தோளில் போட்டு, குளத்திலிருந்து நானே சுமந்தேன். "எந்த மலைக்குப்பா காவடி?" என்று தெருவில் கேட்டார்கள். சிரித்தபடியே போனேன். நின்று பதில் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

ஓட்டில் பதித்த கண்ணாடி வழியாக மத்தியானம் ஒரு வெயில் கற்றை விழும். முன்பெல்லாம் அதற்குள் தூள் புகைபோலச் சுழலும். சாக்கை மாற்றி, வேரை அடர்த்தியாக வைத்து, இடுக்குகளைச் சாணியால் மெழுகிய பிறகு ஒருநாள் அந்தக் கற்றை கழுவி விட்டதுபோல இருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, தூளைக் காணோம்! அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெறும் வெளிச்சத்தை இரண்டு பேரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்று சாயங்காலமே அவளுக்கு இளைப்பு வந்தது. மறுநாளும் வந்தது. வைகாசி போய் ஆனியும் பாதி ஆயிற்று. வெட்டிவேரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்தப் பெட்டியை எட்டி உதைத்தேன்.

"அதை ஏன் ஒதைக்கிறீங்க?" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "மிஷின் ஓடுறப்ப எனக்கு ஒண்ணும் இல்லங்க. நீங்க... சாப்பிட வந்து பக்கத்துல உக்காருறப்பத்தான் வருது."

"எத்தனை நாளாத் தெரியும்?"

"பெட்டி வச்சதுலருந்து."

"ஏன் சொல்லல?"

"புருசனைப் பாத்து... கிட்ட வராதீங்கன்னு எப்படிங்க சொல்றது?"

அறையைச் சுத்தம் பண்ணிவிட்டு, அறையில் இருந்த தூளையெல்லாம் நானே மேலில் பூசிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். வேட்டியில், முழங்கை மயிரில், காது மடலில், தலையில்.

பிடுங்கிய வேரைத் திரும்பப் பெட்டிக்குள் அடைத்தேன். மறுநாள் முதல், வேலை முடிந்ததும் பின்பக்கக் கிணற்றில் கலங்கிக் கிடந்த அடித்தண்ணீரில் தலையோடு குளித்தேன். கட்டிய வேட்டியோடு ஈரம் சொட்டச் சொட்டத்தான் வீட்டுக்குள் நுழைவேன். முதல் தடவை என்னை அப்படிப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்து, "யாருங்க?" என்றாள். யார் செத்துப்போனது என்று கேட்கிறாள். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய் வந்தவன்தான் அப்படி நுழைவான். பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கும் பொறுக்கவில்லை.

"உள்ள ஒருத்தி மூச்சுக்குத் தவிக்கிறா. தெனம் எழவு வீட்டுக்காரன் மாதிரி ஈர வேட்டியோட நிக்கிறியே, நல்லாருக்காப்பா இது?"

நல்லாயில்லைதான். ஆனால் இளைப்பு பாதியாகக் குறைந்திருந்தது. மீதிப் பாதி என் தலைமுடியில் இருந்தது. அந்தக் காலத்தில் எனக்கு அடர்ந்த சுருட்டை. எத்தனை சீயக்காய் போட்டாலும் தலையைத் தட்டினால் ஈட்டி வாசனை வரும். ஆடி பிறக்க நாள் நெருங்கிவிட்டது. நாவிதரிடம் போய் உட்கார்ந்தேன்.

"எந்தச் சாமிக்குங்க?"

"எல்லாச் சாமிக்கும். முழுசா எடுத்துடுங்க."

ஆடி பிறந்தது. ஒருநாள் பொழுது சாய்கிற நேரம், கிணற்றடியில் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கிறேன், வாசலில் மாட்டுமணிச் சத்தம். துடைக்கக்கூட நிற்காமல் சந்து வழியாகச் சுற்றி ஓடி வாசலில் போய் நின்றேன். வண்டியிலிருந்து இறங்கிய மைத்துனன் என்னைப் பார்த்தான். மொட்டைத் தலை. ஈர வேட்டி. பிள்ளையில்லாத வீட்டில் கொள்ளி வைத்துவிட்டு வந்த புருஷன் எப்படி நிற்பானோ அப்படியே நின்றிருக்கிறேன். எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

"அடி ஆத்தா!" என்று தலையில் அடித்துக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டான். "எப்ப மச்சான்? ஒரு ஆள் அனுப்பக் கூடாதா? மூஞ்சியக்கூட பாக்க விடாம எடுத்துட்டீங்களே!"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"டேய்! யாரை நெனச்சுடா அழுவுறே? நான்தான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேனே! வெளக்கு வைக்கிற நேரத்துல, வீட்டு வாசல்ல ஒக்காந்து ஒப்பாரி வைக்கிறியே, ஒனக்கு அறிவிருக்கா? மொட்டை அடிச்சா எழவுதானா? எனக்காகத்தான்டா அந்த மனுசன் முடியெடுத்தாரு! நெதம் எனக்காகத்தான்டா நனையுறாரு! எந்திரிடா மொதல்ல, தெருவே பாக்குது!"

தெரு பார்த்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கே அறும், எந்தச் சொல்லில் அறும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அறவில்லை.

தம்பி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "ஏக்கா... நீ நிறுத்தவே இல்லையேக்கா."

அவளும் அப்போதுதான் அதைக் கவனித்தாள். மூச்சு ஒன்றை உள்ளே இழுத்துப் பார்த்தாள். சத்தமில்லாத மூச்சு.

"அப்ப நான் எதுக்குத்தான் வந்தேன்?"

"சாப்பிட வந்தே. காலைக் கழுவிட்டு வா."

அவன் உடனே வரவில்லை. வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். படுக்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்கிறான் போல. முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் பரப்பி, அதன்மேல் பழஞ்சேலையை நாலாக மடித்து விரித்து, தலைமாட்டில் ஒரு தலையணையும் வைத்திருந்தான். சேலையையும் தலையணையையும் எடுத்து என்னிடம் கொடுத்தான். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த வைக்கோலை வாரி வாரி மாடுகளுக்குப் போட ஆரம்பித்தான்.